சங்கராபரணியிலும் பெண்ணையாற்றிலும் கயாக் விட: ஒரு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு என்றதும் எல்லாரும் சொல்வது சுண்ணாம்பாறு. நோணாங்குப்பத்தில் இறங்கி அலையாத்தி மரங்களின் ஓரமாகத் துடுப்புப் போட்டுவிட்டு, கரையேறி மீன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அது காயல். நாம் கையை ஓய்த்தால் படகும் ஓய்ந்துவிடும். நாலைந்து தடவை அப்படிப் போனவர்களுக்கு அடுத்து ஓர் ஆசை வரும். மழைக்காலம் முடிந்த கையோடு ஆரியபாளையம் பாலத்தைக் கடக்கும்போது, கீழே சங்கராபரணி மணல்மேல் சலசலத்து ஓடுவதைப் பார்த்தால் கை அரிக்கும். எனக்கு அரித்தது. முதல் பயணத்தில் நான் செய்த தப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் இது இவ்வளவு நீளமாக இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறைக்குப் பாறை மோதி நுரை தெறிக்கும் ஆறு நம் பக்கம் இல்லை. அதுதான் வேண்டும் என்றால் குடகில் பாரப்பொழே, தாண்டேலியில் காளி, கோழிக்கோட்டுப் பக்கம் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை என்று போக வேண்டும். அதுவும் அங்குள்ள வழிகாட்டிகளோடு. ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் உலக வழக்கில் நம் ஆறுகள் சாதாரண நாளில் 1, எங்கேயாவது கொஞ்ச தூரம் 2. இதைக் கேட்டு அலட்சியம் வந்துவிடக் கூடாது. அந்த எண் பெரும்பாலும் அலையையும் பாறையையும் பற்றியது. நம் ஆற்றில் ஆளை அடிப்பது தடுப்பணை, தரைப்பாலம், சீமைக் கருவேலம் ஆகிய மூன்றும்தான். இவை எதிலும் பெரிய நுரையோ இரைச்சலோ இருக்காது. நுரை தெறிக்கும் ஆறுகளில் நன்றாக ஓட்டிப் பழகியவர் வந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

எந்த ஆறு

சங்கராபரணி முதல் பயணத்துக்கு நல்லது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து, வீடூர் அணையைத் தாண்டி, திருவக்கரை வழியாகப் புதுச்சேரிக்குள் நுழைகிறது. வில்லியனூர், திருக்காஞ்சி கடந்து கடலுக்குப் போகிறது. அகலம் குறைவு, இரண்டு கரையிலும் ஊர்கள் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் ஏறி ரோட்டுக்கு வந்துவிடலாம். திருவக்கரைப் பக்கம் போனால் கல்மரப் பூங்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள். மரம் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்த பிறகு ஆற்றின் வயது கொஞ்சம் உறைக்கும்.

பெண்ணையாறு, அதாவது தென்பெண்ணை, அகலமானது. தண்ணீர் குறைந்தால் நாலைந்து கிளையாகப் பிரிந்து ஓடும், தப்பான கிளையில் போனால் மணலில் நின்றுவிடுவோம். அது பெரிய ஆபத்தில்லை, அலுப்புதான். ஆனால் மேலே சாத்தனூர் அணை இருக்கிறது என்பதை ஒரு நிமிடமும் மறக்கக் கூடாது.

கெடிலம் ஒடுக்கமானது, தடுப்பணைகள் உண்டு, முள் அதிகம். ஊர்ப் பாசத்தில் கடலூர்க்காரர்கள் அதில்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது ஆண்டு போங்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓடும் உப்பனாறு வேண்டவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் கவிழ்வதை நினைத்தாலே போதும்.

எந்த நாள்

நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் ஆற்றில் இறங்காதீர்கள். மழை முற்றிலும் விட்டுப் பத்துப் பதினைந்து நாள் ஆன பிறகு, ஏறத்தாழ தை மாதம் முழுக்க, நமக்கான காலம். பல ஆண்டுகளில் மாசி பாதிக்குள் ஓட்டம் செத்துவிடும்.

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். தை 5 ஆற்றுத் திருவிழா. கடலூர் ஆல்பேட்டையில் பெண்ணையாற்று மணலில் கடைகள் போட்டு, சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து, ஆறே ஊராகிவிடும். அன்றைக்குப் படகைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கரும்பும் அப்பளமும் வாங்கித் தின்றுவிட்டு ஆற்றை வேடிக்கை பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடுகிறது, மணல் எங்கே ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் அன்று நடந்தே பார்த்துவிடலாம். அதேபோல அமாவாசை அன்று திருக்காஞ்சிப் பக்கம் வேண்டாம். படித்துறையில் தர்ப்பணம் கொடுப்பவர்கள் நடுவே ஆரஞ்சுப் படகு போவது பார்க்க நன்றாக இருக்காது.

இனி முக்கியமான விஷயம். நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதற்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லை. தென்பெண்ணைக்குத் தண்ணீர் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வருகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்புறம் மழை உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூரிலிருந்து திறந்த தண்ணீர் ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. கடலூரில் பெண்ணையாற்றுக் கரையோர ஊர்கள் மூழ்கின. புயல் போய்விட்டது என்று மூச்சு விட்ட பிறகு வந்த வெள்ளம் அது. அளவு சிறியதாக இருந்தாலும் இதே கதை மறுபடியும் நடக்கலாம்.

ஆகவே மூன்று நாள் முன்பிருந்தே இவற்றைப் பாருங்கள். சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, வீடூர் 32 அடி. அணை நிரம்பும் நிலையில் இருக்கிறதா, உபரி நீர் போகிறதா என்பது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்திலேயே வரும். வானிலை மையத்தின் அறிவிப்பில் நம் ஊரை மட்டும் பார்க்காமல் திருவண்ணாமலை, விழுப்புரம், கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் பாருங்கள். தமிழக அரசின் டி.என்.அலர்ட் எச்சரிக்கைச் செயலி போனில் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, கேட்டால் சொல்வார்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விட்டிருந்தால் அந்த வாரம் பயணம் இல்லை. ஒகேனக்கலில் நீர்வரத்து கூடியதும் பரிசலை நிறுத்திவிடுவார்கள் அல்லவா? தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறவர்களையே அங்கே நிறுத்துகிறார்கள்.

கரையோரமாக நடந்து பார்ப்பது

இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு யாரும் படகு இறக்காதீர்கள். போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வழியைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அது எந்த ஆண்டு எடுத்தது என்று தெரியாது. நம் ஆறுகளில் ஒரு வெள்ளத்துக்கு ஒரு முறை எல்லாம் மாறிவிடுகிறது. தென்பெண்ணையில் 2020இல் திறந்த தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்துபோனது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. உடைந்த அணை என்றால் தண்ணீருக்குள் கான்கிரீட் கட்டிகள், அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். அதையெல்லாம் படத்தில் பார்க்க முடியாது.

முதல் பயணத்துக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் போதும். பயணத்துக்கு முந்தின இரண்டு நாளுக்குள் அந்தத் தூரத்தைக் கரையோரமாக நடந்தோ, ரோடு இருக்கும் இடத்தில் பைக்கில் போய் இறங்கி இறங்கியோ பாருங்கள். மாடு மேய்ப்பவர், வலை போடுபவர், மோட்டார் கொட்டகையில் இருப்பவர் என்று எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் பேசுங்கள். “அண்ணே, இங்க மடு எங்க இருக்கு? யாராவது முழுகியிருக்காங்களா?” என்று நேரடியாகவே கேட்கலாம். நமக்கு எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல் அது.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது படுகை அணையும் தடுப்பணையும். புதுச்சேரிப் பக்கம் படுகை அணை என்போம். சங்கராபரணியில் செட்டிப்பட்டு, பிள்ளையார்குப்பம் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. இவை ஏன் ஆபத்து என்பது புரிந்துவிட்டால் பாதி வழிகாட்டி முடிந்தது.

அணையின் முகட்டைத் தாண்டி விழும் தண்ணீர் நேராக அடிக்குப் போகிறது. அங்கிருந்து சில அடி தள்ளி மேலே கொப்பளித்து எழுகிறது. எழுந்த தண்ணீரில் ஒரு பகுதி கீழே போகிறது, மீதி மேற்பரப்பிலேயே அணையை நோக்கித் திரும்பி வருகிறது. திரும்பி வந்ததை விழும் தண்ணீர் மறுபடி அடிக்கு அழுத்துகிறது. இதில் விழுந்த எதுவும் உருண்டுகொண்டே இருக்கும். அணைக்குக் கீழே போய் நின்று பாருங்கள்: தேங்காய் மட்டை, தண்ணீர் பாட்டில், தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு எல்லாம் வரிசையாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். போகவே போகாது. அந்த வரிசைதான் எச்சரிக்கைப் பலகை. மனிதர் விழுந்தாலும் அதேதான். அந்த இடத்துத் தண்ணீரில் காற்றுக் குமிழி நிறைந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டும் சரியாகத் தூக்காது. இரண்டு மூன்று அடி உயர அணையே இதற்குப் போதும். காப்பாற்றக் குதித்தவரும் அதிலேயே சிக்கிக்கொள்வது இதனால்தான்.

மேலிருந்து படகில் வரும்போது இது எதுவும் தெரியாது. ஆறு அமைதியாக, குளம் மாதிரி விரிந்து, ஒரு நேர்கோட்டில் முடிந்துபோகும். அவ்வளவுதான். அதனால் ஒவ்வோர் அணைக்கும் முன்னால் எந்த இடத்தில் கரையேறுவது என்பதை நடந்து பார்க்கும் நாளிலேயே முடிவு செய்து, அங்குள்ள மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வாருங்கள். நான் அணைக்கு மேலே குறைந்தது 50 மீட்டர் வைக்கிறேன், ஓட்டம் இழுத்தால் 100. அங்கே இறங்கி, படகைத் தூக்கிக் கரைவழியே நடந்து, அணைக்குக் கீழே கொப்பளிப்பெல்லாம் அடங்கிய இடத்தில் மறுபடி இறக்க வேண்டும். தண்ணீர் முகட்டுக்கு மேல் ஒரு சாண்தானே போகிறது, சறுக்கிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

இரண்டாவது தரைப்பாலம். இதன் அடியில் வரிசையாகக் குழாய்கள். வெள்ளம் வடிந்த பிறகு பாதிக் குழாய்கள் முள்ளும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கும். திறந்திருக்கும் குழாய்கள் இரட்டிப்பு வேகத்தில் உறிஞ்சும். மேற்புறம் படகு பக்கவாட்டில் போய்ச் சாய்ந்தால், ஆள் குழாய்க்குள் இழுபட இடமுண்டு. அணைக்குச் சொன்ன விதியே இதற்கும்.

மூன்றாவது சீமைக் கருவேலம். என் தப்பு இதில்தான். சங்கராபரணியில் ஒரு வளைவு. வெளிக்கரை அரித்து ஒரு கருவேலம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. ஓட்டம் எப்போதும் வளைவின் வெளிப்பக்கம்தான் தள்ளும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் முன்னால் போன நண்பரிடம் ஏதோ பேசிக்கொண்டே போய் அதில் இடித்தேன். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே ஓடிவிடும். நாம் ஓட முடியாது. வடிகட்டியில் தேயிலை நிற்பது மாதிரி நிற்போம். படகு சாய்ந்தது. ஓட்டத்தின் வேகம் அன்று நடக்கிற வேகம்தான். அந்த வேகத்திலேயே தண்ணீர் என்னை முள்ளோடு வைத்து அழுத்தியதில் ஒரு கையை எடுக்க முடியவில்லை. மேலே ஏறிக் கிளையைப் பிடித்து உட்கார்ந்ததால் தப்பினேன். கையில் இன்னும் கோடுகள் இருக்கின்றன. நடந்து பார்க்கும்போது ஒவ்வொரு வளைவிலும் வெளிக்கரையைப் பாருங்கள். படகில் வரும்போது வளைவு தொடங்கும் முன்பே உள்கரைக்கு வந்துவிடுங்கள்.

நான்காவது கண்ணுக்கே தெரியாத பள்ளங்கள். மணல் அள்ளிய இடத்தில் முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில், கெடிலத்தின் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். அது வெள்ளக் காலமே இல்லை, கோடை. நமக்கு இதில் உள்ள விஷயம், படகைத் தள்ளிக்கொண்டு நடக்கிற இடத்திலும் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்பது.

பாலத்துத் தூண்கள் ஓரளவு சுலபம். இரண்டு தூணுக்கு நடுவே நேராகப் போங்கள். மூங்கிலும் குப்பையும் சிக்கியிருக்கும் இடைவெளியை விட்டுவிட்டு வேறு இடைவெளியைப் பிடியுங்கள். தப்பித் தவறி தூணில் மோதப்போனால் உடம்பு தானாகத் தூணை விட்டு விலகிச் சாயும். அப்படிச் சாய்ந்தால் தண்ணீர் படகைக் கவிழ்த்துவிடும். தூணைக் கட்டிப்பிடிப்பதுபோல அதன் பக்கமே சாயுங்கள். சில பாலங்களுக்கு அடியில் கான்கிரீட் தளம் போட்டு, அதன் விளிம்பில் ஒரு குட்டி அருவி இருக்கும். அதைத் தடுப்பணை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை அளந்து பார்ப்பது

இதற்குக் கருவி வேண்டாம். கரையில் 20 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். நடு ஓட்டத்தில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எறிந்து, முதல் குச்சியிலிருந்து இரண்டாவதுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். 25 நொடி என்றால் நொடிக்கு 0.8 மீட்டர். ஆறு அங்கே 25 மீட்டர் அகலம், சராசரி அரை மீட்டர் ஆழம் என்றால் மூன்றையும் பெருக்க நொடிக்கு 10 கன மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஒரு கன மீட்டர் 35 கன அடி. ஆக, ஏறத்தாழ 300 கன அடி. செய்தியில் சாத்தனூரிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி என்று கேட்கும்போது, முன்னால் ஓடுவதோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு உதவும்.

வேகம் இரட்டிப்பானால் தண்ணீர் தள்ளும் விசை நாலு மடங்காகும். நடக்கிற வேகத்தில் என்னை முள்ளோடு அழுத்திய தண்ணீர், அன்று ஓடுகிற வேகத்தில் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போனால் நான் படகை இறக்குவதில்லை. பழகியவர்கள் மட்டும் என்றால் ஒன்றரை. இது என் கணக்கு. உங்களுடையது இதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாக வேண்டாம்.

அளக்காமலே திரும்பிப் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. செம்மண் நிறத் தண்ணீரில் கட்டையும் குப்பையும் மிதந்து வருவது. கரையோரச் செடிகள் தண்ணீருக்குள் நின்று ஆடுவது. விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் விளிம்பு குச்சியைத் தாண்டியிருப்பது.

ஆட்களும் சாமான்களும்

தண்ணீரில் குறைந்தது மூன்று பேர், மூன்று படகு. ஒருவர் கவிழ்ந்தால் ஒருவர் காப்பாற்ற, ஒருவர் ஆள் கூப்பிட. ஆறு பேருக்கு மேல் வேண்டாம். இவர்களைத் தவிரக் கரையில் வண்டியோடு ஒருவர். யாரும் இந்த வேலைக்கு வரமாட்டார்கள், மதியச் சாப்பாட்டை நீங்கள் வாங்கிக்கொடுப்பதாகச் சொல்லி அழைத்து வாருங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தைக் கடப்போம், எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் அவசர உதவி எண் 112ஐ அழைக்க வேண்டும் என்பதை அவருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஊரில் பொறுப்பான ஒருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கலர் கலராகப் படகு வந்தால் ஊரில் கூட்டம் கூடும். சின்னப் பையன்கள் தண்ணீரில் குதித்துப் பின்னாலேயே வருவார்கள். அது நம் பொறுப்பாகிவிடும்.

ஜாக்கெட்டில் காசு பார்க்காதீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் அப்பருக்குக் கல்லே தெப்பமானது, நமக்கு ஆகாது. உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க, போட்டு இறுக்கிய பிறகு ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்படி வேறொருவரிடம் சொல்லுங்கள். முகவாய்க்கு மேலே ஏறினால் அளவு பெரியது. ஹெல்மெட் கயாக்குக்கு உரியதாக, தண்ணீர் வடிய ஓட்டை உள்ளதாக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் தண்ணீரை மொண்டு கழுத்தை இழுக்கும். செருப்பு வேண்டாம், கயிறு கட்டும் ஷூ. ஆற்று மணலில் பீர் பாட்டில் சில்லு இல்லாத இடமே கிடையாது.

படகு, மேலே உட்காரும் வகைப் பிளாஸ்டிக் கயாக். கவிழ்ந்தால் உள்ளே சிக்கிக்கொள்ளாமல் விழுந்துவிடலாம், மறுபடி ஏறலாம். காற்றடைத்த படகு பாறை ஆற்றுக்கு நன்றாக இருக்கும். கருவேல முள் இருக்கும் ஆற்றுக்கு அதைக் கொண்டுவருவது பலூனை எடுத்துக்கொண்டு கள்ளிக்காட்டில் ஓடுவது மாதிரி.

மீட்புக் கயிறு ஆளுக்கொன்று, 15 முதல் 20 மீட்டர், பையில் சுருட்டித் திணித்தது. கடைகளில் விலை அதிகம். கடலூர் துறைமுகத்தில் வலை, கயிறு விற்கும் கடைகளில் தண்ணீரில் மிதக்கிற பாலிப்ரொப்பிலீன் கயிறு கிடைக்கும். சுண்டுவிரல் தடிமனுக்கு வாங்கி, பையை டெய்லரிடம் தைத்துக்கொள்ளலாம். நைலான் மூழ்கும், அது கூடாது. எந்தக் கயிற்றையும் கையிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளாதீர்கள். துடுப்பைப் படகோடு கட்டும் கயிறும் ஓடும் தண்ணீரில் வேண்டாம். ஜாக்கெட்டில் ஒரு விசில், ஒரு கத்தி. கத்தி பெரும்பாலும் நரம்பு வலைக்குத்தான் உதவும். வலையை அறுத்தால் உரியவரைத் தேடிக் காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.

போன், தண்ணீர் புகாத பையில். முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முழுக்கைச் சட்டை.

ஒரு வாரம் முன்பு காயலில்

ஆற்றுக்குப் போகிற எல்லாரும் ஒரு வாரம் முன்பே அசையாத தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, உதவியில்லாமல் மறுபடி ஏறிக் காட்ட வேண்டும். மூன்று தடவை. ஜாக்கெட்டோடு 50 மீட்டர் நீந்த வேண்டும். கயிறு எறிந்து பழக வேண்டும். முதல் பத்து எறிதல் எங்கெங்கோ விழும், அது அங்கேயே விழுந்து தீரட்டும்.

சைகைகளையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் நேராக வா. தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் நில். ஒரு விசில், என்னைப் பார். மூன்று விசில், ஆபத்து. கையை நீட்டினால் அது போக வேண்டிய பக்கம் மட்டுமே. ஆபத்தை நோக்கி ஒருபோதும் காட்டாதீர்கள், ஓட்டத்தின் இரைச்சலில் அதையே வழி என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

பயண நாள்

காலை ஆறரைக்குள் தண்ணீரில் இருங்கள். நம் ஆறுகள் கிழக்கே ஓடுகின்றன, கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. மதியம் தாண்டினால் காற்று முகத்தில் அடித்து, ஓட்டம் தள்ளினாலும் படகு நகராது. நிறுத்தி, தூக்கி, நடந்து போவதையெல்லாம் சேர்த்து 8 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றுக்குள் முடிந்துவிடும்.

இரவு மழை பெய்ததா, அணையில் மாற்றம் உண்டா என்று ஐந்து மணிக்கே பாருங்கள். ஆற்றுக்கு வந்ததும் ஆரஞ்சுப் பழத்தை மறுபடி எறியுங்கள். முந்தின நாளைவிட வேகம் கூடியிருந்தால் காரணம் தெரியும்வரை இறங்காதீர்கள். குழுவில் யாராவது ஒருவர் “வேண்டாமே” என்றால் பயணம் ரத்து. காரணம் கேட்டு அவரைக் கூண்டில் நிறுத்தக் கூடாது. புதுச்சேரிக்காரர்களுக்காகத் தனியாக ஒரு வரி: முந்தின இரவு சரக்கு அடித்தவர் அன்றைக்குக் கரை ஆளாகக்கூட வேண்டாம், அவர் வண்டி ஓட்ட வேண்டியவர்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். இரண்டு பேரும் பழகியவர்கள். முன்னவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியானவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வளைவுக்கும் பிறகு முன்னவர் திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ண வேண்டும். தூணுக்குப் பின்னால், திட்டுக்குப் பின்னால் ஓட்டம் ஒதுங்கி அமைதியாக இருக்கும் இடங்களைப் பயன்படுத்திக்கொண்டு நின்று நின்று போங்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் இறங்கி நடந்து பாருங்கள். இறங்கிப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

விழுந்துவிட்டால்

மல்லாந்து படுங்கள். கால்கள் இரண்டும் தண்ணீர் போகும் திசையில், பாதம் மேலே தெரிய வேண்டும். எழுந்து நிற்கத்தான் தோன்றும். நிற்காதீர்கள். கல்லிடுக்கிலோ கம்பியிலோ கால் மாட்டினால் தண்ணீர் முதுகில் தள்ளி முகத்தைக் கவிழ்த்துவிடும். தொடை ஆழமே போதும். பின்புறம் மணலைத் தொடும்வரை மிதந்து, அப்புறம் எழுங்கள். படகுக்கு முன்னால் மிதக்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய படகு நூற்றுக்கணக்கான கிலோ. மரத்துக்கும் அதற்கும் நடுவே சிக்கினால் நசுக்கிவிடும்.

கருவேலத்தைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டால் மட்டும் இந்த விதி தலைகீழ். கவிழ்ந்து படுத்து, தலை முன்னால் வர, மரத்தை நோக்கி வேகமாக நீந்தி, தொட்டதும் உடம்பை மேலே தூக்கிக் கிளைமேல் போட வேண்டும். முள் கிழிக்கும். கிழிக்கட்டும்.

காப்பாற்றப் போகிறவர் வரிசையை மறக்கக் கூடாது: முதலில் கத்து, பிறகு துடுப்பை நீட்டு, பிறகு கயிறு எறி, பிறகு படகில் போ. குதிப்பது கடைசிக்கும் கடைசி. தடுப்பணைச் சுழலில் அதுவும் கிடையாது. கயிறு எறியும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் பார்த்த பிறகு, தலைக்கு மேலாகத் தாண்டி விழும்படி எறியுங்கள். அவர் கயிற்றைத் தோள்மேல் போட்டு நெஞ்சோடு பிடித்து மல்லாந்து படுத்தால், ஓட்டமே அவரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எறிந்தவர் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மூச்சில்லாமல் கரைக்கு வந்தவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. ஒரு நொடிகூட அதில் போகக் கூடாது. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துத் தொடங்குங்கள், பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை. இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். தண்ணீர் குடித்து, இருமி, எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை” என்று சிரிப்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரல் சில மணி நேரம் கழித்துக்கூட மோசமாகலாம். புதுச்சேரிப் பக்கம் ஜிப்மர், கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை. எந்தப் பாலத்திலிருந்து எவ்வளவு நேரம் என்பது கரை ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரையோரப் புதரில் கண்ணாடி விரியன் இருக்கும், அதற்கும் இதே இடங்கள்தான்.

எங்கே முடிப்பது

முகத்துவாரத்துக்கு நன்றாக முன்பே. தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் கலக்கும் இடம் படத்தில் அழகாக இருக்கும், அங்கே போய் முடிக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். கடல் வற்றும் நேரத்தில் ஆற்றோட்டமும் வற்றமும் சேர்ந்து வெளியே இழுக்கும். எதிரே அலை உடையும். உப்புக்காற்று வாசம் வந்துவிட்டால் தாமதம் ஆகிவிட்டது என்று பொருள். கரையேறும் இடத்தைக் கடைசிப் பாலத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், முள் கீறல்களைக் கழுவி மருந்து போடுங்கள். வெள்ளம் வடிந்த ஆற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்; சொன்னால்தான் அந்தப் பரிசோதனை எழுதுவார்.

அப்புறம் ஒரு நோட்டில் நாலு வரி. என்ன தேதி, ஆரஞ்சு எத்தனை நொடி, எந்த வளைவில் மரம் கிடந்தது, பாலத்துத் தூணில் தண்ணீர் எந்த அளவில் நின்றது. ஆரியபாளையம் பாலத்தின் தூண் ஒன்றை நான் அப்படித்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு பொங்கல் கழித்து அந்தப் பக்கம் போனபோது, நான் குறித்து வைத்திருந்த அளவுக்கு மேலே இரண்டு சாண் ஈரம் இருந்தது. படகை வண்டியிலிருந்து இறக்கவில்லை. வில்லியனூரில் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.